மில்லுக்குப் போனவனும் கட்டடத்துக்குப் போனவனும்

பக்கத்து வீட்டில் வயர்க் குழாய் பதிக்கச் சில நாட்களாகச் சுவரை அறுக்கிறார்கள். வட்டத் தகடு சுற்றும் மெஷினைக் கையில் பிடித்து, பென்சிலால் போட்ட கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நீ உளியும் சுத்தியலும் வைத்து நாள் முழுக்கக் கொத்திய அளவுச் சுவர் இப்போது டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சத்தம் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. தூசி மட்டும் வருகிறது. ஜன்னலை அடைத்தாலும் கதவின் கீழ் இடுக்கு வழியாக வந்துவிடுகிறது. காய்ந்த சிமெண்டும் செங்கல்லும் சேர்ந்து பொடியாகும்போது வருகிற அந்த வாசனை உன் சட்டையில் எப்போதும் இருந்தது. சாயங்காலம் நீ வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால் என் மனைவி அந்த நாற்காலியை ஈரத்துணியால் துடைப்பாள். வெளியே போயிருந்த நான் திரும்பி வந்ததும், யார் வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. ஈர நாற்காலியைப் பார்த்தால் போதும்.

வியாழக்கிழமை அந்தத் தூசிக்கு நடுவே உன் மகள் செண்பகம் வந்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவளுக்கு அது தெரியும். உள்ளே வந்து என் வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்தை எனக்கு நேராகத் திருப்பி உட்கார்ந்தாள். மில்லில் கெட்டுப்போன காதுகளில் வலதுதான் இன்னும் கொஞ்சம் மிச்சம். மற்றதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

நீ கண்ணை மூடியபோது அவள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரரின் விசைத்தறிகள் பாதி நாள் நின்றுகிடக்கத் தொடங்கிய பிறகு, நாற்பது வயதில், தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு போய் வகுப்பில் உட்கார்ந்தாள். பெண்களுக்கு வயது வரம்பு இல்லை என்று நீதான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாய். "வகுப்புல எல்லாம் இவள அத்தைன்னுதான் கூப்பிடுதுவளாம். ஒரு நாள் வாத்தியாரே வாய் தவறி அத்தைன்னுட்டாராம்வே" என்று நீ சிரித்ததும், அந்தச் சிரிப்பு இருமலாகி வெகுநேரம் அடங்காமல் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது படிப்பு முடிந்துவிட்டது. இனி ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்து வேலை பழக வேண்டும். இரண்டு இடத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, ராஜபாளையம் போகிற வழியில் ஒரு நூற்பாலை. இன்னொன்று, புளியங்குடியில் கல்யாண மண்டபமும் அதை ஒட்டி வரிசையாக வீடுகளும் கட்டுகிற இடத்தில் வயரிங் வேலை எடுத்திருக்கிற ஒரு கான்ட்ராக்டர்.

"சித்தப்பா, நீங்க மில்லுக்குப் போனிய. அப்பா கட்டடத்துக்குப் போனாவ. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

"ஒன் வீட்டுக்காரரு என்ன சொல்லுதாரு?"

"அவரு மில்லுங்காரு. பிள்ளையளக் கேட்டா, எங்கனயாவது போம்மா, எங்களுக்குச் சோறு மட்டும் பொங்கி வச்சிரு அப்படிங்குதுவ. அதான் ஒங்களக் கேக்கேன்."

"யோசிச்சுச் சொல்லுதேன்ம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று எனக்குப் புரியவில்லை. "யோசிங்க சித்தப்பா. ஆனா திங்கக்கெழம காலைல ரெண்டு எடத்துக்கும் பதில் சொல்லிட்டு, ஏதாவது ஒண்ணுல போயி நிக்கணும். நான் ஞாயித்துக்கெழம வாரேன்" என்று எழுந்து போனாள்.

இன்று சனிக்கிழமை. உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நீ இல்லாததால் என்னிடம் வந்திருக்கிறது. எனக்கு அசதியாக இருக்கிறது. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே வாழ்ந்தவனிடம் வந்து தீர்ப்புக் கேட்கிறாள். நான் தவறாகச் சொல்லிவிட்டால் அதன் பலனை அனுபவிக்கப் போவது நான் இல்லை. அவள் கை, அவள் காது, அவள் மூச்சு. வேறு யாரோடும் பேச முடியாததால் இப்படி எழுதி உன்னோடு பேசுகிறேன்.

நண்பர்களான நாம் இரண்டு பேரும் ராஜபாளையம் பக்கத்து மில்லில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த வருடத்தை நினைத்துப் பார்க்கிறேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் விடிந்தும் விடியாமலும் ராஜபாளையம் பஸ் ஏறுவோம். நான் முந்தின நாள் செய்த வேலையை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வருவேன். நீ ஏறிய உடனே தூங்கிவிடுவாய். என்னை நீ ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கணக்குப்புள்ள" என்பாய். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தால் எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பேன் என்பதற்காக வைத்த பெயர் அது.

அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மோட்டாரில் கை வைப்பதாக இருந்தாலும், அதற்குப் போகும் கரண்டை நிறுத்திவிட்டு, பீங்கானால் ஆன பியூஸ் கட்டைகளைக் கழற்றி, வேலை செய்கிறவன் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டை இல்லாமல் யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. வேலை முடிந்து அவன் வெளியே வந்து, அவன் கையாலேயே கட்டையைத் திரும்பப் போட வேண்டும். ஸ்டோரில் வேறு கட்டைகள் இருக்கும். ஆனால் ஒருவன் கழற்றிக்கொண்டு போன இடத்தில் இன்னொருவன் வேறு கட்டையைப் போடுவது அங்கே கொலைக்குச் சமம். எழுதி எங்கும் ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஸ்பின்னிங் ஹாலுக்குக் கீழே காற்றை இழுக்கும் சுரங்கம் ஒன்று ஓடும். பஞ்சுத் தும்பு படிந்து, ஆள் குனிந்துதான் போக முடியும். அதன் கடைசியில் இருந்த ஃபேன் மோட்டாருக்குக் கிரீஸ் வைக்க நம் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். கட்டைகளைக் கழற்றி நான் பையில் போட்டுக்கொண்டேன். வேலை முடிந்தது. ஷிப்ட் முடிகிற சங்கும் ஊதியது. கை காலெல்லாம் கிரீஸும் தும்பும். கழுவிக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீ இழுத்தாய். ஓடினோம். பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்திருந்தபோது நீ உன் தொடையைத் தடவிக்கொண்டு திரும்பினாய்.

"ஏலே கணக்குப்புள்ள, பையில என்னலே, கருப்பட்டியா? குத்துது."

நான் கையை விட்டுப் பார்த்தேன். அந்தக் குளிர்ந்த பீங்கானைத் தொட்டது இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைக்கிறவன் என்று பெயர் வாங்கியவன், ஒரு மில்லையே பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் கரிவலத்தில் இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடித்தோம்.  வழியெல்லாம் நீ, "அழாதலே. பஸ்ல எல்லாரும் பாக்கானுவ. நான் ஒன்ன அடிச்சிட்டேன்னு நெனைப்பானுவ" என்று சொல்லிக்கொண்டே வந்தாய்.

மில் வாசலுக்குள் நுழைந்ததும் சத்தம் இல்லாதது முதலில் உறைத்தது. ஃபேன் இல்லாமல் ஹாலில் புழுக்கம் ஏறி, நூல் அறுந்து அறுந்து விழ, மெஷின்களை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சுரங்கத்தின் வாயில் டார்ச் விளக்கோடு ஆட்கள் நின்றார்கள். உள்ளேயிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெட் எலக்ட்ரீஷியன் தங்கையா அண்ணாச்சி கட்டை இல்லாத அந்தப் பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றிருந்தார். மேனேஜர் வந்து வேறு கட்டையைப் போடச் சொல்லியும் அவர் நகரவில்லை என்று பிறகு சொன்னார்கள். என்னைக் கண்டதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே வசவு வந்தது.

"கட்டைய வீட்டுக்குக் கொண்டு போயி என்னலே செய்யப்போற? ஒங்கம்மைக்கு அரைக்கதுக்குக் கொழவியாக் குடுக்கப்போறியா? அது திரும்பி வாரது வரைக்கும் நீ உள்ள கெடந்து செத்துக்கெடக்கன்னுதாம்லே எனக்குக் கணக்கு!"

நான் எல்லோர் முன்னாலும் கட்டைகளைப் போட்டேன். ஒன்று சரியாக உட்காரவே இல்லை. நீ பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய்.

அன்று வெளியே டீக்கடையில் நின்றபோதுதான் நம் இருவருடைய வழியும் பிரிந்தது என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அப்ரண்டிஸ் பையன் உள்ளே இருக்கலாம் என்பதற்காக இத்தனை மெஷின்கள் நின்றிருக்கின்றன. என்னைப் போல் மறதிக்கும் பயத்துக்கும் நடுவே தடுமாறுகிறவன் பிழைத்துக் கிடக்க இதைவிட வேறு இடம் இல்லை. அதைச் சொன்னேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாய்:

"அவனுவ தேடுனது ஒன்னையாலே, கட்டையையா?"

"என்னையத்தாம்வே. என் பேரச் சொல்லித்தான கூப்பிட்டானுவ."

"நான் பக்கத்துல வேல பாத்தேன்லா. என் பேர எவனாவது கூப்பிட்டானா? கட்டை எவன் பையில இருக்கோ அவன் ஆளு. இல்லாதவன் ஆளு இல்ல. எனக்கு இந்த எடம் ஆகாதுவே. நான் உள்ள கெடக்கனா வெளிய கெடக்கனான்னு என்னையப் பாத்துச் சொல்லுத எடமா ஒண்ணு தேடுதேன்."

இதை நாம் நாற்பது வருடத்துக்கு மேல் பேசித் தீர்க்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியிலும் பேசியிருக்கிறோம், துக்கம் கேட்கப் போன துட்டி வீட்டிலும் பேசியிருக்கிறோம். என்னையா, கட்டையையா.

அப்ரண்டிஸ் காலம் முடிந்ததும் மில்லில் இருக்கச் சொன்னார்கள். நான் இருந்தேன். நீ இருக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதுமே கூச்சம். கதவு திறந்திருந்த வீட்டுக்குள் பூனை நுழைந்த மாதிரி நுழைந்து, அங்கேயே சுருண்டுகொண்டேன். நீதான் தேர்ந்தெடுத்தாய். மர ரீப்பரைச் சுவரில் அடித்து அதன் மேல் வயர் ஓட்டுகிற காலத்தில் தொடங்கி, சுவருக்குள் குழாய் பதித்து வயரை மறைக்கிற காலம் வரைக்கும் இந்த ஊரின் வீடுகளுக்குள் நடந்தாய். ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் பந்தல் விளக்கு, சீரியல் செட் என்று உன்னைப் பிடிக்கவே முடியாது. உன் வீட்டில் மட்டும் பாத்ரூம் விளக்கு எரியாமல் கிடக்கும்.

புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரி ஒருவர் வீடு கட்டியபோது நான் அங்கே வந்தேனே, நினைவிருக்கிறதா? எனக்கு வார விடுமுறை. உனக்குக் காங்கிரீட் போடுகிற நாள். கம்பி கட்டி முடித்த மாடியில், கம்பிகளுக்கு நடுவே உன் குழாய்கள் பாம்பு மாதிரி கிடந்தன. ஃபேன் மாட்டுகிற பெட்டிகளுக்குள் சிமெண்ட் பால் இறங்காமல் இருக்க பழைய சாக்கைக் கிழித்து அடைத்துக்கொண்டிருந்தாய். சட்டிச் சட்டியாகக் காங்கிரீட்டைத் தூக்கி வருகிறவர்கள் உன் குழாயை மிதிக்காமல் இருக்க, வெயிலில் குடைகூட இல்லாமல் நாள் முழுவதும் அந்தக் கம்பிகளின் மேலேயே நின்றாய். வருகிற போகிற ஒவ்வொருவரையும், "அக்கா, அங்கன மிதிக்காதிய. அதுக்குள்ளதான் வீட்டுக்காரருக்குக் காத்து வருது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாய்.

எனக்குப் பார்க்கவே படபடப்பாக இருந்தது. "ஒரு குழாய் நசுங்கிட்டா என்னவே செய்வ?" என்று கேட்டேன்.

"ஒன் மில்லுல தப்புப் பண்ணுனா நாளைக்கு மூடியத் தொறந்து சரி பண்ணிக்கலாம். இங்கன தப்புப் பண்ணுனா கல்யாணம் மாதிரிவே. அது மேலயே குடும்பம் நடத்த வேண்டியதுதான்."

வேலை முடிந்து எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். வீட்டுக்கார அம்மா வந்து, அடுக்களையில் விளக்கை எங்கே வைத்தால் தன் நிழல் அடுப்பின் மேல் விழாது என்று உன்னைக் கேட்டார். நீ அவரைச் சுவர்கூட இல்லாத அந்த அடுக்களையில் அடுப்பு வரப்போகிற இடத்தில் நிற்க வைத்து, கையை அப்படியும் இப்படியும் ஆட்டச் சொல்லி, பிறகு இடத்தைக் காட்டினாய். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ சுருங்கியது. என் மோட்டார்கள் ஒருநாளும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

ஆனால் உனக்குக் கரண்ட் அடித்த நாளையும் நான் மறக்கவில்லை. நம் ஊரிலேயே ஒரு வீட்டில் பழைய வயரிங்கை மாற்றிக்கொண்டிருந்தாய். மில்லில் பழகியபடி பியூஸ் கட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஸ்டூலில் ஏறியிருக்கிறாய். வீட்டுக்காரர் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். மோட்டார் ஓடவில்லை. கட்டை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், வெறுமையாக இருந்தது. யாரையும் கேட்கவில்லை. ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, கட்டை உட்காருகிற இரண்டு வாய்க்கும் குறுக்கே சொருகிவிட்டார். நீ ஸ்டூலிலிருந்து பறந்து போய் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் உன் வலது கை முழுக்கக் கட்டு. என்னைக் கண்டதும் இடது கையைப் பைக்குள் விட்டுக் கட்டையை எடுத்துக் காட்டினாய்.

"பாத்தியாலே? எங்கிட்டதான் இருக்கு. அவன் கம்பியச் சொருகிட்டாம்வே. தண்ணி வரலைன்னு."

சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வழக்கம் நம் பையில் இல்லை, சுற்றி நிற்கிற அத்தனை பேர் மனதிலும் இருந்தால்தான் அது வழக்கம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. தங்கையா அண்ணாச்சி மாதிரி ஓர் ஆள் அந்தப் பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வீடுகளில் யார் நிற்பார்கள்?

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் செண்பகத்திடம் மில் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லவும் வாய் வரவில்லை. மில் என் காதை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டபோது எனக்குத் தெரியவே இல்லை. அந்த ஹாலில் எல்லோருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசுவோம், அதனால் யாருக்குக் கேட்கிறது யாருக்குக் கேட்கவில்லை என்று வித்தியாசம் கிடையாது. வீட்டில் பேரன் பின்னால் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதபோதுதான் எனக்கே புரிந்தது. உன் மூச்சைச் சுவர்த் தூசி எடுத்துக்கொண்டது. நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், "கல் குவாரியிலயா வேலை பாத்தீங்க?" என்று கேட்டாராம். "இல்ல சார், ஊருக்கு வெளக்குப் போட்டேன்" என்றாயாம்.

கடைசி மாதங்களில் நாம் போனில் பேசியதை நினைத்தால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. உனக்கு வீட்டை விட்டு வெளியே வர முடியாது, எனக்கு மூட்டு வலி. நீ ஒரு வார்த்தை சொல்வதற்கு மூச்சு வாங்கும். வாங்கிச் சொன்ன அந்த ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்காது. "என்னவே?" என்பேன். நீ மறுபடி மூச்சு வாங்குவாய். போனை என் மனைவி வாங்கி, நீ சொன்னதை என் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொல்வாள். அங்கே உனக்காகச் செண்பகம் பேசுவாள். கடைசியில் அவர்கள் இருவர் பேசுவதை நாம் இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம். மில்லுக்குப் போனவனும் கட்டடத்துக்குப் போனவனும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் அது. இதில் எதை அவளுக்குச் சிபாரிசு செய்வது?

இவ்வளவும் எழுதிவிட்டேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை. நான் ரிட்டயர் ஆன பிறகு மில்லில் என்னென்ன மாறியிருக்கிறதோ, அதுவும் தெரியாது. கட்டையைக் காவல் காக்கிற ஆட்கள் அங்கே இன்னும் இருக்கிறார்களா? இப்போது பீங்கான் கட்டையே இருக்காது. பழைய ஆள் பழைய கதையைச் சொல்லி ஒரு பெண்ணின் வழியை மறிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன். கண் எரிகிறது.

இன்று திங்கட்கிழமை. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

நேற்று அவள் வந்தாள். நான் ஒரு வழியாக மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தேன். அவள் உட்காருவதற்கு முன்பே, "மில்லுக்குப் போம்மா" என்றேன். காரணங்களை வரிசையாகச் சொன்னேன். காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள்ளலாம், கரண்டுக்கு அடைப்பான் கிடையாது என்றேன். வீட்டுக்காரர் சொருகிய கம்பியைச் சொன்னேன். உன் நெஞ்சுப் படத்தைச் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது.

"சித்தப்பா, நான் புளியங்குடிக்குத்தான் போறேன்" என்றாள்.

நான் அவள் உதட்டைத் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று நினைத்தேன். அவள் இன்னும் தெளிவாக, மெதுவாகச் சொன்னாள்.

"மில்லுல ஒரு வருசம் முடிஞ்சதும் அனுப்பிருவாவ. வேல தருவோம்னு சொல்லல. இங்கன அப்படி இல்ல. ஒரு வருசம் பழகிட்டேன்னா நானே தனியா வேல எடுப்பேன். நம்ம தெருவுல எத்தன வீட்டுல பகல்ல பொம்பளையாளு மட்டும் இருக்காவ? ஃபேன் ஓடலன்னா கூட, ஆம்பளையாள உள்ள விட யோசிச்சிக்கிட்டு, வீட்டுக்காரரு வாரது வரைக்கும் வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்காவ. என்னையன்னா ஒடனே கூப்பிடுவாவ. இப்பமே நாலு பேரு கேட்டுட்டாவ."

 உன் வழி, என் வழி என்று நம் இருவருடைய காதையும் மூச்சையும் எடைபோட்டுக்கொண்டிருந்தேனே தவிர, அவள் போகிற வீடுகளில் யார் கதவைத் திறப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கு அந்தக் கதவு ஒரு நாளும் அவ்வளவு எளிதாகத் திறந்ததில்லை. வாசலில் நின்று, ஆம்பளையாள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் திரும்பி வந்துவிடுவாய் நீ.

"அப்போ எதுக்கும்மா என்னையக் கேட்ட? முன்னாடியே முடிவு பண்ணிட்டியே" என்றேன். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அவள் மறுபடியும் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். "கோவப்படாதிய சித்தப்பா. அப்பா சொன்னதச் சொல்லட்டா? 'நீ எந்த வேலைக்கிப் போனாலும் போறதுக்கு முந்தி கணக்குப்புள்ளைகிட்டப் போயி ஒக்காரு. அவன் யோசிச்சுச் சொல்லுதேம்பான். யோசிக்கட்டும். என்னெல்லாம் நடந்துருமோன்னு அவன் பயப்படுதானோ, அத ஒண்ணு விடாமக் கேட்டுக்கோ. அம்புட்டும் நடக்கும். எனக்கு நடந்துச்சு.' அப்படின்னாவ."

 நீ என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். நானும் அதை வெட்கமாகத்தான் சுமந்துகொண்டிருந்தேன். என் மனைவி காப்பியை வைத்துவிட்டு, "இவுக பயந்ததெல்லாம் கேக்கணும்னா நீ பாயி தலகாணியோடல்லா வந்திருக்கணும்" என்றாள்.

பிறகு மத்தியானம் முழுக்க நான் பேசினேன். வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை. டைல்ஸ் தரையில் ஏணி வழுக்குவதைச் சொன்னேன். கலவை மெஷினுக்கு இழுத்துவிடுகிற வயர் தண்ணீரில் கிடப்பதைச் சொன்னேன். வேலை நடக்கிற வீட்டில் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் யாரையாவது உட்கார வைக்காமல் ஏணியில் ஏறாதே, ஒரு கிழவியானாலும் உட்கார வை, ஏணியில் நிற்பது நீ என்று உன் பேரைச் சொல்லி வை என்றேன். சுவர் அறுக்கிற மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கச் சொன்னேன், துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, நல்ல மாஸ்க் வேண்டும் என்றேன். கழுத்துச் சங்கிலியையும் சேலைத் தலைப்பையும் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. என் மனைவியைக் கூப்பிட்டு, என்ன சொல்ல வேண்டும் என்று அவள் காதில் சொல்லி, அவளைச் சொல்ல வைத்தேன். "இது எனக்குத் தெரியாதா சித்தி, நான் சுடிதார் மேல கோட்டு போட்டுக்கிட்டுல்லா போவேன்" என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. உன்னை மாதிரியே முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். போகும்போது, "அவ்வளவுதானா சித்தப்பா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன்.

இன்று காலையில் பல் தேய்க்கும்போது வைப்ரேட்டர் நினைவுக்கு வந்தது. காங்கிரீட்டைக் குலுக்கி இறக்குகிற அந்த மெஷின் கரண்டில் ஓடினால், அதன் வயர் ஓர் இடத்தில் நைந்திருந்தால் போதும், ஈரக் கம்பிகள் அத்தனையிலும் கரண்ட் பாயும். மாடி முழுக்க ஆட்கள் நிற்பார்கள். இதை எப்படி விட்டேன்? சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். புளியங்குடி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. செண்பகம் ஜன்னல் ஓரத்தில் இருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸோடு சேர்ந்து இரண்டு எட்டு வைத்துச் சொன்னேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் படியில் நின்று, ஏறுகிறீர்களா இல்லையா என்று கையால் கேட்டார். செண்பகம் தலையைப் பலமாக ஆட்டினாள். புரிந்தது என்று நினைக்கிறேன்.

பஸ் போய்விட்டது. நான் சொன்ன மாஸ்க்கை அவள் பையின் மேல் பக்கத்தில் வைத்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். புதியதுதான். அவள் வாங்கிவிட்டாள். நான் மெதுவாக நடந்தேன். நீ இத்தனை வருடம் கேலி செய்த என் பயத்தை, எனக்குத் தெரியாமல் உன் மகளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. எனக்குப் பெருமையாக இல்லை. சுமை கொஞ்சம் கூடியது போலத்தான் இருக்கிறது. இதுவரை எனக்காகப் பயந்தேன். இனி அவளுக்காகவும் பயப்பட வேண்டும், அதுவும் உன்னுடைய வழியில், எனக்குத் தெரியாத மாடிகளின் மேல்.

ரத வீதி திரும்புவதற்குள், அவளிடம் சொல்ல விட்டுப்போன இன்னொன்று நினைவுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் அவள் வருகிற பஸ்ஸுக்குப் போய் நிற்க வேண்டும். மூட்டு வலிக்கிறது. போகத்தான் வேண்டும்.